மற்றும் பலர்

காக்கி புக்கிட், ஏழாவது மாடி, இரவு பத்தரை.
அலறலுக்குக் கீழே என்ன எழுதுவது என்று
மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.
வரிக்கு முப்பத்தாறு எழுத்து, இரண்டு நொடி.
அதற்குள் ஒருவன் செத்தாக வேண்டும்,
பார்ப்பவரும் படித்து முடித்தாக வேண்டும்.

சயாம் மரண ரயில்பாதைப் படம்.
லிம் சூ காங்கில் எடுத்தோம்.
காலராக் கொட்டகை ஒட்டுப்பலகை,
மூங்கில் ஜொகூரிலிருந்து லாரியில் வந்தது,
சேறு மட்டும் சொந்த ஊர்ச் சேறு.

படத்துக்கு இரண்டு முடிவு.
முதலாவதில் பிழைத்த ஒருவன் நடந்து வருகிறான்,
தோட்டத்து லயத்தில் விளக்கு எரிகிறது, புல்லாங்குழல்.
இரண்டாவதில் ஒரு பேரேடு.
கங்காணி கையெழுத்தில் வரிசை எண்கள்,
எண்ணுக்கு எதிரே பெயருக்கான கட்டம், வெறுமை.
கேமரா நான்கு நிமிடம் அசைவதில்லை.

"ஜனங்க மூச்சு விட்டுட்டு வெளிய போகணும்லா,"
என்றார் தயாரிப்பாளர் எட்மண்ட் சியா,
தன் சந்தைத் தமிழில்.
"ஏன் விடணும்?" என்றாள் தவமலர்.
அவள்தான் இயக்குநர். இந்தப் படம் தொடங்கியதிலிருந்து
ராத்திரி சாப்பாட்டை விட்டவள்.

ஜாலான் புசாரில் நாற்பது பேருக்குப் போட்டுப் பார்த்தோம்.
பாதிப் பேருக்குப் புல்லாங்குழல், பாதிப் பேருக்குப் பேரேடு.

புல்லாங்குழல் கேட்ட பெண்ணொருத்தி
கழிவறைக் கண்ணாடியில் மையைச் சரிசெய்தபடி சொன்னாள்:
"நல்லா அழுதேன்."
நல்லா சாப்பிட்டேன் என்பதுபோல.
அந்த இடத்தில் நான் தவமலர் கட்சிக்குப் போய்விட்டேன்.

ஆனால் பேரேட்டின் இரண்டாவது நிமிடத்தில்
ஆனந்தவல்லி எழுந்து வெளியே வந்தார்.
தாய்மாமன் இருவர் போனவர்கள், திரும்பாதவர்கள்.
"வெறுங்கட்டத்தை எங்க வீட்லயே பாத்தாச்சும்மா.
தெரியாதவங்களுக்குக் காட்டு.
எனக்கு அந்த வெளக்கு எங்க?"
டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினேன்.
அவர் அழவே இல்லை. நான்தான் கையை மடக்கத் தெரியாமல்
நீட்டியபடி நின்றேன்.

கடைசி வரிசையில் வீரபத்திரன்.
துவாஸ் விடுதியிலிருந்து ஞாயிறுகளில் வந்து
எட்டு முறை செத்துக் கொடுத்தவர்.
விலா எலும்புக்கு மை தீட்ட வந்த ஒப்பனைப் பெண்
இவருக்கு வேண்டாமென்று அடுத்தவரிடம் போனாள்.
வாட்ச் கழற்றிய மணிக்கட்டில் வெளுத்த பட்டை,
அதைத்தான் மறைக்க வேண்டியிருந்தது.
பேரேடு ஓடும்போதும் திரையின் ஓரத்தையே பார்த்திருந்தார்,
தன் முதுகு இன்னொரு தரம் வருமா என்று.
"படம் உங்களை என்ன செய்தது?"
கருத்துச் சீட்டில் அந்தக் கேள்விக்கு நேரே
தன் கைபேசி எண்ணை எழுதியிருந்தார்.

இப்போது கடைசிப் பெயர்ப்பட்டியல் தட்டுகிறேன்.
நடிகர்கள், உதவியாளர்கள், மதிய உணவு, மூங்கில் உபயம்.
விரல் பழக்கதோஷத்தில் அடித்துவிட்டது:
மற்றும் பலர்.

நான்கு நிமிடம் எந்தப் பேரேட்டைப் பார்த்துப்
பல்லைக் கடித்தோமோ
அந்தக் கையெழுத்து.

அழித்தேன். அந்த எண்ணுக்கு அழைத்தேன்.
பின்னால் சட்டி உருளும் சத்தம், யாரோ குளிக்கப் போகும் சத்தம்.
"பேரா? எல்லாருக்குமா?
ஒருத்தன் பொன்னமராவதி. ஒருத்தன லட்டும்போம்.
கிரேன்காரன் ஊருக்குப் போயிட்டான்.
வங்காளப் பையன் ஒருத்தன், அருமையா விழுவான்,
பேர் கேட்டுக்கல மேடம்.
காலைல லாரில கேக்கட்டா?"

கோப்பு காலை எட்டுக்குப் போக வேண்டும்.
பதினோரு பெயர், மூன்று பட்டப்பெயர்,
இன்னும் இருபத்தாறு பேர்.
எட்மண்ட் கேட்பார்: அதற்குள் விளக்கைப் போட்டுவிடுவார்களே,
நின்று யார் படிப்பது?
எந்த முடிவு என்றே இன்னும் முடிவாகவில்லை.
அலறலுக்குக் கீழேயும் காலியாகத்தான் கிடக்கிறது.

ஒன்றரை மணிக்கு ஒரு குறுஞ்செய்தி:
மேடம், என் பேருக்கு முன்னால செ. போடுங்க.
அப்பா செங்கோடன்.